ஹஃப்சா தைத்த உட்கரு

தண்டையார்பேட்டையில் கல்யாண ஜாக்கெட் தைக்கக் கொடுப்பவர்களிடம் ஹஃப்சாவின் பெயரைச் சொன்னால் முதலில் அவள் வேலையைப் புகழ்வார்கள், அடுத்த மூச்சில் அவள் வாயைத் திட்டுவார்கள். இரண்டும் நியாயம்தான். ஆரி ஊசியைக் கையில் பிடித்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அவளிடமிருந்து போன ஜாக்கெட்டில் ஒரு முத்து உதிர்ந்தது என்று இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை. மணப்பெண்ணின் அம்மாவிடமே "இந்தக் கலரு உன் பொண்ணுக்குச் சகிக்காதும்மா" என்று சொல்லி ஆர்டரைக் கோட்டை விட்ட கதையும் உண்டு. அதற்காக அவள் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆர்டர் போனால் இன்னொன்று வரும், சகிக்காத கலர் சகிக்காததுதான் என்பது அவள் கட்சி.

பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றது. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் இடுப்பு ஒடிந்து படுத்ததும், மூன்று பெண்களில் மூத்தவளான இவள் வேலைக்குப் போனாள். வண்ணாரப்பேட்டையில் ஓர் ஆரி பட்டறை. கட்டில் போல ஒரு மரச்சட்டம், அதில் விறைப்பாக இழுத்துக் கட்டிய துணி, சுற்றி உட்கார்ந்து தைக்க ஆறு பேர். ஆரி ஊசியின் நுனியில் சின்னதாக ஒரு கொக்கி இருக்கும். துணிக்கு அடியில் இருக்கும் நூலை அது பிடித்து மேலே இழுத்து, வளையத்துக்குள் வளையமாகச் சங்கிலி போட்டுக்கொண்டே போகும். பார்க்க அழகு, ஆனால் பொல்லாத தையல். கடைசி வளையத்தை முடிச்சுப் போட்டு மூடாமல் விட்டால், நூல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பில் மூன்று நாள் வேலையையும் உருவிவிடலாம். அந்த முடிச்சுக்குப் பெயர் லாக். பட்டறையில் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: சட்டத்திலிருந்து துணியை அவிழ்ப்பதற்கு முன்னால் விரலால் ஒரு சுற்று தடவிப் பார், எங்கே இடைவெளி தட்டுப்படுகிறதோ அங்கே மூடு.

அந்தப் பாடத்தை ஹஃப்சா மறந்ததே இல்லை. இந்தக் கதையில் அவளுக்கு வந்த வினையும் அதுதான், வந்த நன்மையும் அதுதான்.

பிறகு கல்யாணம் ஆனது. கணவர் மொஹ்சின் டோல்கேட்டுக்கும் எண்ணூருக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். பேச்சு குறைவு. அந்த வீட்டில் அது ஒரு வசதி. ஒரே மகளை வாணியம்பாடியில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. முன்னறை முழுக்க மரச்சட்டம்தான். வந்தவர்கள் அதைச் சுற்றிப் பக்கவாட்டில் நடந்துதான் உள்ளே போக வேண்டும்.

அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில், வாசற்படியில் உட்கார்ந்து வாரத்தில் ஐந்து நாள் டீ குடிக்கிறவள் கன்னியம்மா. நெட்டுக்குப்பத்துக்காரி. முகத்துவாரத்தில் பிடித்த இறாலைக் கூடையில் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் வந்து, தெருத்தெருவாக விற்றுவிட்டுப் போவாள். பதினைந்து வருடப் பழக்கம். ஒரு ஜூன் மாதக் காலையில் அவள் டீயை ஆறவிட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா கன்னிம்மா, மூஞ்சி ஏன் உம்முனு கீது?"

"அத்த ஏன் கேக்குற அக்கா. நம்ம வினிதாவுக்கு அந்த குரூப்பு தர மாட்டேன்றாங்க."

வினிதா அவளுடைய ஒரே பெண். பதினாறு வயது. மூன்று வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, உயிரை மட்டும் விட்டுவைத்துப் பார்வையை எடுத்துக்கொண்டு போனது. கூடைக்குள் கையை விட்டு, எது இன்று காலை பிடித்த இறால், எது நேற்றையது என்று விரலாலேயே சொல்லிவிடுவாள். பத்தாம் வகுப்பில் நானூற்று நாற்பத்தொன்று. அறிவியலில் தொண்ணூற்றாறு. பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஏன் என்று கேட்டவர்களுக்கு எல்லாம் ஒரே பதில்தான்: தன் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவே மூன்று வயதில் என்ன செத்தது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

திருவொற்றியூரில் அவள் சேரப் போன பள்ளியின் தலைமையாசிரியை ரமாபாய் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். அவர் பொறுமையாகத்தான் சொன்னார்: உயிரியல் முழுக்கப் படம்தான், படத்தைப் பார்க்காமல் பாடத்தை உருப்போடலாம், புரிந்துகொள்ள முடியாது, இரண்டு வருடம் வீணாகும், வரலாறு எடுத்தால் நன்றாக வருவாள். வினிதா நகரவில்லை. கடைசியில் ரமாபாய் ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு வாரம் கழித்து வெள்ளிக்கிழமை வா. செல் பாடத்தை எனக்குச் சொல்லு. ஒப்பிக்கக் கூடாது. உனக்குப் புரிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் கையெழுத்துப் போடுகிறேன், தெரியாவிட்டால் வரலாறு.

"படிக்க வேண்டியதுதான? போனு படிச்சிக் காட்டும்ல?" என்றாள் ஹஃப்சா.

"எல்லாம் படிக்குது அக்கா. படம் வர்ற எடத்துல மட்டும் 'படம்'னு சொல்ட்டு அடுத்த வரிக்குப் போயிடுது. அந்தப் பொண்ணு மறுபடி மறுபடி அத்தையே போட்டுக் கேட்டுகினு கீது. 'படம்', 'படம்', 'படம்'. என்னால அந்தச் சத்தத்தக் கேக்க முடியல."

ஹஃப்சா ஊசியை அப்படியே துணியில் குத்தி நிறுத்தினாள். யோசிக்காமல் வாக்குக் கொடுக்கக் கூடாது என்பார்கள், அவள் கொடுத்தாள்.

"படம்தான? நான் தைச்சித் தரேன். புக்க எடுத்தா."

ஆழம் தெரியாமல் காலை விடுவது என்றால் இதுதான்.

இரண்டே நாளில் தைத்து முடித்தாள். ஒரு முழ நீள வெல்வெட் துணி. நடுவே சிவப்புப் பட்டுநூலில் உட்கரு, அதைச் சுற்றி நீலத்தில் வளைவு வளைவாக எண்டோபிளாச வலை, பச்சையில் மைட்டோகாண்ட்ரியா, ஓரம் முழுக்கத் தங்க ஜரிகையில் செல் சவ்வு. புத்தகத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. மொஹ்சின்கூட நின்று பார்த்துவிட்டு, "பிரேம் போட்டு மாட்லாம் போல கீது" என்றார். அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தை வருவதே பெரிய விஷயம்.

கன்னியம்மா மகளை அழைத்துவந்து சட்டத்தின் முன்னால் உட்கார வைத்துவிட்டு வியாபாரத்துக்குப் போனாள். வினிதா இரண்டு கைகளையும் துணிமேல் வைத்தாள். விரல்கள் இடமும் வலமும் போயின, மேலே போயின, திரும்பி வந்தன. ஹஃப்சா பாராட்டுக்குக் காத்திருந்தாள்.

"பெரிம்மா, எல்லாம் ஒரே கயிறா கீது" என்றாள் வினிதா.

"இன்னாது?"

"ஒரே கயிறு வளைஞ்சி வளைஞ்சி போவுது. எது எங்க ஆரம்பிக்குது, எது முடியுதுன்னே தெரில. துணியும் புசுபுசுன்னு கீதா, அதுல சின்னச்சின்னப் புள்ளியெல்லாம் முழுகிப் போவுது."

ஹஃப்சாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்தாறு வருடத்தில் அவள் வேலையைக் கயிறு என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண். "சேப்பு உட்கரு, நீலம் வலை, பச்சை..." என்று ஆரம்பித்தவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். யாரிடம் போய் நிறத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகப் போயிற்று. தன் கண்ணை மூடிக்கொண்டு தானும் தடவிப் பார்த்தாள். ஒரே கயிறுதான். எத்தனையோ ஜாக்கெட் தைத்திருக்கிறாள், எல்லாம் தூரத்தில் நின்று பார்க்கிறவர்களுக்காக. தொட்டுப் பார்க்கிறவருக்காக ஒரு தையலும் போட்டதில்லை.

வெல்வெட்டைச் சட்டத்திலிருந்து அவிழ்த்துச் சுருட்டி மூலையில் போட்டாள்.

"ஒண்ணொண்ணும் இன்னா வேலை செய்யுதுன்னு சொல்லு. வேலை தெரிஞ்சாதான் எந்த நூலு, எந்தத் தையலுன்னு எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தைக்கிறதா பொண்ணுக்குத் தைக்கிறதான்னு தெரியாம ஊசி எடுக்கலாமா?"

அடுத்த பத்து நாளும் அந்த முன்னறையில் பாடம் நடந்தது. சொல்லிக்கொடுத்தவள் பதினாறு வயதுக்காரி, கேட்டுக்கொண்டவள் நாற்பது வயதுக்காரி. மாணவி கொஞ்சம் அடங்காதவள்.

"மைட்டோகாண்ட்ரியாக்குள்ள இன்னொரு சவ்வு கீது பெரிம்மா. அது மடிப்பு மடிப்பா இருக்கும். அங்கதான் சாப்பாட்டுல இருந்து சக்தி எடுக்கிற வேலை நடக்குது."

"ஏன் மடிக்கணும்? நேரா வுட்டா ஆவாதா?"

"வேலை நடக்கிறது அந்தச் சவ்வுமேல. சவ்வு எவ்ளோ நீளமோ அவ்ளோ வேலை. ஆனா மைட்டோகாண்ட்ரியா இத்துனூண்டு. அதுக்குள்ள எப்படி அடக்கறது?"

ஹஃப்சா ஒரு நொடி யோசித்தாள். "கொசுவம்!" என்று கத்தினாள். ஆறு கஜம் புடவை ஒரு சாண் இடுப்பில் எப்படி அடங்குகிறது என்று எந்தப் பெண்ணுக்குத் தெரியாது? அவரை விதை வடிவத்தில் ஒரு பட்டையைத் தைத்து, அதற்குள் சாட்டின் ரிப்பனைக் கொசுவம் கொசுவமாக மடித்து நிறுத்தினாள். வினிதாவின் விரல் மடிப்புக்குள் இறங்கி ஏறி இறங்கி ஏறிப் போனது. அந்த முகத்தில் வந்த சிரிப்பை ஹஃப்சா எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை.

வெல்வெட்டுக்குப் பதில் வழுவழுப்பான சாட்டின் வந்தது. உட்கருவுக்கு அடியில் பஞ்சு வைத்து மேடாக்கினாள். அதற்குள் மரபுச் செய்தி எழுதியிருக்கும் இழைகளுக்கு ஜர்தோசிக் கம்பி, அது ஏற்கனவே சுருள்சுருளாகத்தான் இருக்கும். ரைபோசோம்தான் புரதம் செய்கிற இடம், கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது, வலைமேல் ஒட்டிக்கொண்டும் இருக்கும் தனியாகவும் கிடக்கும் என்று வினிதா சொன்னதும், கடுகளவு மணிகளைப் பொறுக்கினாள். மணி ஒட்டிய ரிப்பன் சொரசொரப்பு வலை, மணி இல்லாதது வழவழப்பு வலை. செய்த புரதத்தை வாங்கித் தரம் பார்த்துப் பொட்டலம் கட்டி அனுப்புகிற கோல்கை உறுப்புக்கு, தட்டையான ரிப்பன் ஐந்து அடுக்கு, ஓரத்தில் உதிர்ந்து போகிற மாதிரி நாலு சமிக்கி. அதைத் தைக்கும்போது, "இது நம்ம டெலிவரி செக்சன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

லைசோசோமைப் புரிந்துகொண்டது கன்னியம்மாவால். செல்லுக்குள் கழிவையும் பழுதானதையும் கரைத்துத் தின்கிற பை அது என்று வினிதா சொல்லிக்கொண்டிருந்தாள். செல் செத்துப்போனால் பை உடைந்து, உள்ளே இருக்கிற சாறு சொந்தச் செல்லையே தின்றுவிடும். வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்தாள்.

"ஐஸு வெக்காத எறாலு மாதிரியா? புடிச்ச கொஞ்ச நேரத்துல தலைப்பக்கம் தானா கூழாப் போவுமே, கிருமி எதுவும் வர்றதுக்கு முன்னாலயே?"

"அதேதாம்மா! அதோட சாறே அத்தத் தின்னுது."

"இத்தினி வருசமா நான் அத்தத்தான் வித்துகினு கீறனா" என்று கன்னியம்மா கூடையை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஹஃப்சா கண்ணாடிமணி உடைசலைச் சின்னச் சுருக்குப்பையில் கட்டித் தைத்தாள். அழுத்தினால் சுருக்கென்று குத்தும்.

சண்டை வந்தது ஓரத்தில்தான். செல் சவ்வையும் உட்கருச் சவ்வையும் ஹஃப்சா வழக்கம்போல இடைவெளி இல்லாமல் சுற்றிவந்து லாக் போட்டு மூடியிருந்தாள். வினிதா இரண்டு முறை சுற்றித் தடவினாள்.

"வாசல் எங்க பெரிம்மா?"

"இன்னா வாசல்?"

"செல்லுக்குள்ள சர்க்கரை வரணும், உப்பு வரணும், கழிவு வெளிய போவணும். எது வரலாம் எது வரக்கூடாதுன்னு பார்த்து விடுறதுதான் சவ்வோட வேலையே. உட்கருவுக்கும் துளை வேணும். அதுக்குள்ளதான் எல்லாம் எழுதி வெச்சிகீது. அத்தப் படியெடுத்து, ஆர்.என்.ஏ.ன்னு, அந்தத் துளை வழியா வெளிய அனுப்பினாதான் ரைபோசோமுக்கு இன்னா செய்யணும்னே தெரியும்."

"சங்கிலில இடைவெளி வுட்டா உருவிக்கினு வந்துடும். நாங்க வுட மாட்டோம்."

"வாசல் இல்லாத வூட்டுல யாரு இருப்பாங்க பெரிம்மா?"

ஹஃப்சா ஊசியைக் கீழே வைத்தாள். பிறகு எழுந்து, உட்கருவைச் சுற்றிப் போட்ட சங்கிலியைப் பிரித்தாள். எட்டுத் துண்டுகளாகப் புதிதாகப் போட்டாள், ஒவ்வொரு துண்டின் இரண்டு முனையிலும் தனித்தனி லாக். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே நகம் நுழைகிற அளவு இடைவெளி. வெளிச் சவ்வையும் அப்படியே மாற்றினாள். மனசே ஒப்பவில்லை. பட்டறையில் இப்படி ஒரு துணியைக் கொடுத்திருந்தால் தலையில் குட்டியிருப்பார்கள். ஆனால் வினிதா ஒரு கடுகு மணியை எடுத்து, உட்கருவிலிருந்து அந்த இடைவெளி வழியாக உருட்டி, சொரசொரப்பு வலைவரை கொண்டுபோய்ச் சேர்த்தாள். அதைப் பார்த்ததும் ஹஃப்சா இன்னும் இரண்டு மணிகளைப் பொறுக்கி அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

வியாழக்கிழமை வினிதா வரவில்லை, வீட்டில் இருந்து படித்தாள். மத்தியானம் ஹஃப்சா கடைசியாக நூல் பிசிறெல்லாம் வெட்டினாள். இடையில் ஒரு மணப்பெண் வீட்டார் போனில் கூப்பிட்டு, ஜாக்கெட் கழுத்து எவ்வளவு இறக்கம் என்று கால்மணி நேரம் வாதாடினார்கள். அவளும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே, துணியை விரலால் ஒரு சுற்று தடவிப் பார்த்து, ஊசியை ஓட்டி, சட்டத்திலிருந்து அவிழ்த்து மடித்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மொஹ்சின் வேறு சவாரி ஏற்றாமல் மூன்று பேரையும் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டார். "நான் இங்கயே கீறேன்" என்றார்.

ரமாபாய் மேசையைக் காலி செய்து துணியை விரிக்கச் சொன்னார். அதைப் பார்த்ததும் அவர் புருவம் உயர்ந்தது, ஆனால் பாராட்டவில்லை. துணியைப் பிடித்து வேண்டுமென்றே தலைகீழாகத் திருப்பிப் போட்டார். வினிதா பதறவில்லை. குறுக்கும் நெடுக்குமாக இருந்த இரண்டு குழல் மணிகளைத் தேடிப் பிடித்து, "இது சென்ட்ரோசோம், செல் இரண்டாப் பிரியும்போது வேலை செய்யுறது. இது இங்க இருக்குன்னா உட்கரு இந்தப் பக்கம்" என்று ஆரம்பித்தாள். சவ்வு, சைட்டோபிளாசம், மைட்டோகாண்ட்ரியா, கொசுவம் எதற்கு என்பது, வலை, கோல்கை. தடங்கல் இல்லாமல் வந்தது. ஹஃப்சாவின் உதடுகளும் கூடவே அசைந்தன.

ரமாபாய் கையைக் காட்டி நிறுத்தினார். அந்தக் கை வினிதாவுக்குத் தெரியாது என்பதால், "போதும்" என்றும் சொன்னார். "நல்லாச் சொல்றே. ஆனா பாட்டு மாதிரிச் சொல்றே. புத்தகத்துக்குப் பதிலா இந்தத் துணியை மனப்பாடம் பண்ணியிருக்கேன்னுதான் எனக்குத் தோணுது."

கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். வினிதாவின் விரல்கள் கடைசியாக உட்கருவுக்குப் போயிருந்தன. ஒரு சுற்று வந்தன. நின்றன. இன்னொரு சுற்று, இந்த முறை மெதுவாக.

"மேடம், இந்தச் செல்லு தப்பா கீது" என்றாள்.

ஹஃப்சா எட்டிப் பார்த்தாள். உட்கருவைச் சுற்றி எட்டு இடைவெளிகளும் அழகாக, நெருக்கமாக, பட்டறைக்காரர் பார்த்தால் முத்தமிடுகிற சுத்தத்தோடு மூடப்பட்டிருந்தன. நேற்று போனில் கழுத்து இறக்கம் பேசிக்கொண்டே கை தன் பாட்டுக்குச் செய்த வேலை. வெளிச் சவ்வுக்குப் போவதற்குள் நூல் தீர்ந்திருக்க வேண்டும், அது மட்டும் தப்பித்திருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தது தன் கைதான் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

"மேடம், அது என் தப்பு, நாந்தான்..."

"நீங்க பேசாதீங்கம்மா. அவ சொல்லட்டும்."

ஹஃப்சாவை அப்படி அடக்கியவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது. அடங்கினாள்.

"என்ன தப்பு?" என்றார் ரமாபாய்.

"உட்கருத் துளை மூடியிருக்கு. இந்தத் துணியில எட்டு இருக்கணும், ஒண்ணுகூட இல்ல."

"மூடினா என்ன? உடனே செத்துடுமா?"

இது புத்தகத்தில் இல்லை, துணியிலும் இல்லை. வினிதாவின் விரல் உட்கருவிலிருந்து வலைக்கும், வலையிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவுக்கும் போய்ப் போய் வந்தது.

"உடனே சாவாது மேடம். முன்னாடியே வெளிய போன ஆர்.என்.ஏ. இருக்கும்ல, அத்த வெச்சி ரைபோசோம் கொஞ்ச நேரம் புரதம் செஞ்சிகினு இருக்கும். மைட்டோகாண்ட்ரியாவும் ஓடும். வெளிய இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. ஆனா அந்த ஆர்.என்.ஏ. சிதைஞ்சி போயிடும், புதுசு வராது. புது ரைபோசோமும் வராது, அதோட பாகம் உட்கருக்குள்ள கீற உட்கருமணியிலதான் தயாராவுது, அதுவும் இதே வாசல் வழியாத்தான் வரணும். அப்புறம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு வேண்டிய புரதம் நிக்கும், சக்தி குறையும். சவ்வுல பழுதானா மாத்த ஆளு இல்ல. கடைசியில லைசோசோம் பை ஒடையும். அதோட எறா தலை கததான்."

"என்ன தலை?"

"ஐஸு வெக்காத எறாலு மேடம்" என்று மூலையிலிருந்து கன்னியம்மா தெளிவுபடுத்தினாள்.

ரமாபாய் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவிடவில்லை. "சரி. நம்ம உடம்புலயே உட்கரு இல்லாத செல் கோடிக்கணக்கில் ஓடிக்கிட்டிருக்கே. அது எப்படி?"

ஹஃப்சாவுக்கு இதற்குப் பதில் தெரியாது. அவளுக்குத் தெரிந்த செல் ஒன்றே ஒன்றுதான், அதையும் அவளே கெடுத்து வைத்திருக்கிறாள். யா அல்லாஹ் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"சிவப்பணு" என்றாள் வினிதா மெதுவாக. "அதனாலதான் மேடம் அது நூத்திருபது நாளுக்கு மேல இருக்காது. கொடுத்த வேலையச் செய்யும், தன்னைத்தானே பழுது பாத்துக்க முடியாது, ரெண்டாப் பிரியவும் முடியாது. இதுவும் இப்ப அப்படித்தான். இன்னும் மோசம். சிவப்பணுக்குள்ள எழுத்தே இல்ல. இதுக்குள்ள எல்லா எழுத்தும் கீது, ஆனா வெளிய யாருக்கும் கைக்கு எட்டாது."

ரமாபாய் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணில் என்னவோ மாறியது. அதைப் பார்த்தவள் ஹஃப்சா. உடனே அவளுக்கு வாய் வந்துவிட்டது.

"மேடம், ஒரு கத்திரிக்கோலு கெடைக்குமா?"

இழுப்பறையிலிருந்து ஒன்று வந்தது, காகிதம் வெட்டி மழுங்கியது. ஹஃப்சா குனிந்து, தான் நேற்றுப் போட்ட எட்டு அடைப்பையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். ஆனால் சங்கிலி ஓர் இடத்திலும் உருவவில்லை, ஒவ்வொரு துண்டின் முனையிலும் லாக் போட்டவள் அவளல்லவா? வினிதா விரலை ஓட்டி எண்ணினாள். "ஆறு, ஏழு, எட்டு. இப்ப சரியா இருக்கு மேடம்."

ரமாபாய் கண்ணை மூடிக்கொண்டு தன் விரலை உட்கருமேல் வைத்தார். ஒரு வாசல் வழியாக வெளியே வந்தார், மணிகள்மேல் போனார், மைட்டோகாண்ட்ரியாவின் கொசுவத்துக்குள் இறங்கினார். நிதானமாகச் சுற்றிவிட்டுக் கண்ணைத் திறந்தவர், விண்ணப்பத்தை எடுத்து, பிரிவு என்ற கட்டத்தில் உயிரியல் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மைக்ரோஸ்கோப்புல உனக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறதுன்னு எனக்கு இன்னும் தெரியல" என்றார். "தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க, கேட்கிறேன். திங்கட்கிழமை வந்துடு."

கன்னியம்மா அழ ஆரம்பித்தாள். யாரும் தடுக்கவில்லை.

ரமாபாய் ஹஃப்சா பக்கம் திரும்பினார். "அந்தத் துளையை வேணும்னேதான் மூடினீங்களா? அவளுக்குப் புரிஞ்சிருக்கான்னு எனக்குக் காட்டறதுக்கு?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். என்ன ஒரு பெயர் கிடைத்திருக்கும்! ஹஃப்சாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல மேடம். கைப்பயக்கம்" என்றாள்.

இந்த முறை ரமாபாய் சிரிப்பை அடக்கவில்லை.

வெளியே மொஹ்சின் மூன்று முகங்களையும் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் வண்டியைக் கிளப்பினார். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. கன்னியம்மா மகளின் கையைப் பிடித்த பிடியை விடவில்லை. ஹஃப்சா மட்டும் வழியெல்லாம் தன்னைத் தானே திட்டிக்கொண்டு வந்தாள், இந்தக் கையை வெட்டினால் என்ன என்று.

"வுடு பெரிம்மா" என்றாள் வினிதா. "நீ மூடலைன்னா நான் பாட்டு பாடிட்டுத்தான் வந்திருப்பேன். நேத்து ரெண்டாவது புக்கையும் போட்டுக் கேட்டேன். இதயம்னு ஒரு பாடம் கீது. அதுலயும் போனு 'படம்'னு சொல்லுது."

"அதுக்கு இன்னா இப்ப?"

"இதயத்துக்குள்ள வால்வுன்னு கதவு கீது. ரத்தம் முன்னால போறப்ப தொறக்கணும். திரும்பி வரப் பாத்தா இடைவெளியே இல்லாம மூடிக்கணும். கொஞ்சம் ஒழுகினாலும் ஆளுக்கு ஆபத்து."

ஹஃப்சா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இடைவெளியே இல்லாம மூடணுமா?"

"இல்லாம."

"அப்படி எத்தினி கதவு கீது?"

"நாலு."

ஹஃப்சா முன்னால் எட்டி மொஹ்சினின் தோளைத் தட்டினாள். வண்டியை வண்ணாரப்பேட்டைப் பக்கம் திருப்பச் சொன்னாள், சிவப்பு சாட்டின் இரண்டு மீட்டர் வாங்க வேண்டும் என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, எந்தக் கலராக இருந்தாலும் பரவாயில்லை என்று திருத்திச் சொன்னாள்.